கொல்கத்தா போகிறீர்களா? என்னிடம் ஓயாமல் கேட்கப்படும் கேள்விகள்

வேலை நிமித்தமாக ஆறு வருடம் கொல்கத்தாவில் இருந்தேன். ஊர் திரும்பிய பிறகும் கார்த்திகை பிறந்தால் போதும், போன் வரத் தொடங்கிவிடும். "லீவுக்குக் கல்கத்தா போலாம்னு இருக்கோம், எங்க தங்கறது, என்ன சாப்பிடறது, நாலு நாளைக்கு ஒரு கார் பேசிடலாமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கார் விஷயத்துக்கு மட்டும் முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியில் உட்கார்ந்து பார்க்கிற ஊர் இது இல்லை. படகு, மெட்ரோ, டிராம், ஷேர் ஆட்டோ என்று மாறி மாறி ஏறி இறங்குவதுதான் இங்கே பாதிச் சுற்றுலா.

எத்தனை நாள் ஒதுக்கலாம்?

நான்கு முழு நாள். ஒரு நாளைக்கு ஊரின் ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே சாமி சிலை செய்யும் குமார்துலி, தாகூர் பிறந்த ஜொராசாங்கோ, பழைய புத்தகக் கடைகளின் காலேஜ் ஸ்ட்ரீட். நடுவில் எஸ்பிளனேட், நியூ மார்க்கெட், பார்க் ஸ்ட்ரீட், விக்டோரியா நினைவகம். ஆற்றோரமாகத் தட்சிணேஸ்வரம் காளி கோயிலும் பேலூர் மடமும். தெற்கே காளிகாட், லேக் மார்க்கெட், கரியாஹாட். காலையில் தட்சிணேஸ்வரம், மதியம் காளிகாட், சாயங்காலம் மறுபடி வடக்கே என்று குறுக்கும் நெடுக்குமாக ஓடியவர்கள் ஊருக்கு வந்து டிராஃபிக்கைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள்.

எந்த மாதம் நல்லது?

நவம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி பாதி வரை. ஒரு ஸ்வெட்டர் போதும். ஊர்க்காரர்கள் 18 டிகிரிக்கே மங்கி குல்லா மாட்டிக்கொள்வார்கள், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களின் புழுக்கம் சென்னைக்குச் சற்றும் குறைந்ததல்ல. நடுவில் சாயங்கால வேளையில் திடீரென்று வானம் கறுத்து அடிக்கும் 'கால்பைசாகி' புயல்மழை மட்டும் ஓர் அனுபவம்.

யாரும் சொல்லாத ஒரு சங்கதி உண்டு. கொல்கத்தா நம்மைவிடக் கிழக்கே இருக்கிறது, கடிகாரமோ இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். அதனால் டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். "நாலு மணிக்கு மேல கிளம்பி நிதானமா பார்க்கலாம்" என்கிற நம்மூர்ப் பழக்கம் அங்கே எடுபடாது. காலை ஆறரைக்குத் தெருவில் இருக்க வேண்டும்.

சென்னையிலிருந்து ரயிலா, விமானமா?

நேரம் குறைவு என்றால் விமானம். இல்லையென்றால் சென்னை சென்ட்ரலிலிருந்து புறப்படும் ஹவுரா மெயில். சுமார் 1,660 கிலோமீட்டர், ஒரு பகலும் ஓர் இரவும் போல. கோரமண்டல் எக்ஸ்பிரஸில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: அது இப்போது ஹவுராவுக்குப் போவதில்லை, பக்கத்திலுள்ள ஷாலிமார் நிலையத்தில்தான் முடிகிறது. பழைய நினைப்பில் சொந்தக்காரர்களை ஹவுராவில் காத்திருக்கச் சொன்ன குடும்பங்களை எனக்குத் தெரியும்.

எங்கே தங்கலாம்?

மெட்ரோ நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில். எஸ்பிளனேட், பார்க் ஸ்ட்ரீட் பக்கம் தங்கினால் எல்லாத் திசைக்கும் சுலபம். பெரியவர்கள் கூட வருகிறார்கள், மூன்று வேளையும் நம்ம சாப்பாடு வேண்டும் என்றால் காளிகாட் அல்லது லேக் மார்க்கெட் பக்கம். நியூ டவுனில் பளபளவென்று ஹோட்டல்கள் இருக்கின்றன, ஆனால் நீங்கள் பார்க்க வந்த ஊர் அங்கே இல்லை.

ஹவுராவில் இறங்கியதும் டாக்ஸி பிடிக்கலாமா?

பிடிக்கலாம். முதல் தடவை நானும் அதைத்தான் செய்தேன். பெட்டியைத் தானே வாங்கி டிக்கியில் வைத்த ஒரு புண்ணியவான், ஹூக்ளி ஆற்றின் மறுகரையில் இருக்கும் கொல்கத்தாவுக்குப் போக மூன்று மடங்கு வாங்கினார். பாலத்தின் நெரிசலில் முக்கால் மணி நேரம் நின்றதுதான் அதற்குக் கிடைத்த ஊர்சுற்றல்.

பெட்டி படுக்கை நிறைய இருந்தால் மெட்ரோ. ஹவுரா நிலையத்துக்கு அடியிலேயே இருக்கிறது. நகரும் படிக்கட்டு முடிந்தது என்று நினைத்தால் இன்னொன்று வரும், அவ்வளவு ஆழம். அங்கிருந்து எஸ்பிளனேட் போகும் ரயில் ஹூக்ளி ஆற்றுக்குக் கீழே 520 மீட்டர் சுரங்கத்தில் போகிறது. 2024 மார்ச்சில் திறந்த தடம், இந்தியாவில் ஆற்றுக்கு அடியில் ஓடிய முதல் மெட்ரோ. ஆற்றைக் கடக்க முக்கால் நிமிடம்தான் ஆகும். சுவரில் நீல விளக்குகள் தெரியத் தொடங்கியதும் எல்லோரும் போனைத் தூக்குவார்கள், அதற்குள் மறுகரை வந்துவிடும்.

தோளில் ஒரு பை மட்டும்தான் என்றால் தயங்காமல் படகு. நிலையத்துக்கு எதிரே சாலையைத் தாண்டினால் படித்துறை. டிக்கெட் பத்து ரூபாயை ஒட்டித்தான் இருக்கும். படகில் ஆபீஸ் போகிறவர்கள், சைக்கிளோடு ஒருவர், கூடையில் வாத்துகளோடு ஒருவர். இடப்பக்கம் ஹவுரா பாலம் முழுதாகத் தெரியும். 1943-ல் திறந்தது, 26,500 டன் எஃகு, ஒரு நட்டு போல்ட் கிடையாது, எல்லாமே ரிவெட் அடித்துச் சேர்த்தது. கரைக்குக் கரை நடுவில் ஒரு தூணும் இல்லை. பாலத்தின் மேல் போகும்போது இதெல்லாம் கண்ணில் படாது, முன்னால் நிற்கும் மினிபஸ்ஸின் முதுகுதான் தெரியும்.

ஊருக்குள் சுற்ற எது வசதி? மெட்ரோவா, பஸ்ஸா?

முதுகெலும்பு மெட்ரோ. 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை மூன்றரைக் கிலோமீட்டர் கூட இல்லாத தூரத்துக்கு ஓடத் தொடங்கியது, நாட்டின் முதல் மெட்ரோ. அந்த வடக்கு–தெற்குத் தடத்திலேயே தட்சிணேஸ்வரம், குமார்துலிக்கான ஷோபாபஜார், காலேஜ் ஸ்ட்ரீட்டுக்கான எம்.ஜி. ரோடு, எஸ்பிளனேட், பார்க் ஸ்ட்ரீட், மைதான், காளிகாட் எல்லாம் வரிசையாக வந்துவிடும். கட்டணம் 5 ரூபாயில் தொடங்குகிறது. 2025 ஆகஸ்டிலிருந்து விமான நிலையத்துக்கும் மெட்ரோ வந்துவிட்டது. 'ஜெய் ஹிந்த்' என்பது நிலையத்தின் பெயர், நோவாபாராவில் மாற வேண்டும்.

அடுத்து ஷேர் ஆட்டோ. நம்மூர் ஆட்டோ போலக் கூப்பிட்ட இடத்துக்கு வராது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தடம் உண்டு, பஸ் மாதிரி அதிலேயே போய் அதிலேயே வரும். பின்னால் மூன்று பேர், டிரைவர் பக்கத்தில் ஒருவர். பேரம் கிடையாது, பதிலுக்குச் சில்லறை இருந்தே ஆக வேண்டும். 'குச்ரோ' என்றால் சில்லறை. நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் அவர் முகத்தில் தெரியும் வருத்தத்துக்கு நீங்களே இறங்கி நடந்துவிடுவீர்கள்.

தனியார் பஸ் ஏறத் துணிச்சல் வேண்டும். நிற்காது, வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். கண்டக்டர் ரூபாய் நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொண்டு, வாசலில் தொங்கியபடி பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டித் தட்டி ஊர்ப்பெயர்களைக் கூவுவார். பெண்கள் இறங்கும்போது மட்டும் "ஆஸ்தே லேடீஸ்!" என்று குரல் கொடுப்பார். 'மெதுவா, லேடீஸ் இறங்கறாங்க' என்று டிரைவருக்குச் சொல்கிறார். அதற்கு பஸ் உண்மையிலேயே நிற்கும்.

மஞ்சள் டாக்ஸி?

ஒரு முறையாவது ஏறிவிடுங்கள், சீக்கிரம். அம்பாசடர் கார் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. 15 வருடத்தைத் தாண்டிய டாக்ஸி ஓடக்கூடாது என்பது அங்கே விதி. கூட்டிக் கழித்துப் பாருங்கள், எவ்வளவு காலம் மிச்சம் என்று தெரியும். பின்சீட் நம் வீட்டுச் சோபா மாதிரி இருக்கும், நான்கு பேர் தாராளமாக உட்காரலாம். மீட்டர் போடச் சொல்லி மல்லுக்கட்டுவதைவிட, மாநில அரசு ஆதரவோடு நடக்கும் 'யாத்ரி சாத்தி' செயலியில் புக் செய்துவிடுவது நிம்மதி.

இன்னொன்று. காலையில் ஒரு திசையில் ஒருவழிப் பாதையாக இருக்கும் தெரு, மதியத்துக்கு மேல் எதிர்த்திசையில் ஒருவழியாக மாறிவிடும். டிரைவர் வந்த வழியில் திரும்பாமல் வேறு எங்கோ சுற்றினால் உடனே ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்டாதீர்கள். என் மாமா ஒருவர் அப்படிச் சண்டை போட்டு, போலீஸ்காரர் வந்து டிரைவர் பக்கம் பேசி, எல்லோருக்கும் சங்கடம்.

டிராம் இன்னும் ஓடுகிறதா?

ஓடுகிறது, ஆனால் ஊசலாடிக்கொண்டு. 1873-ல் குதிரை இழுத்துத் தொடங்கியது, 1902-ல் மின்சாரத்துக்கு மாறியது. மெட்ராஸில் 1895-லேயே மின்சார டிராம் வந்துவிட்டது, நாம் 1953-ல் மூட்டை கட்டிவிட்டோம். இவர்கள் மட்டும் விடாமல் வைத்திருந்தார்கள். ஒரு காலத்தில் ஊர் முழுக்க இருந்த தடங்கள் தேய்ந்து இப்போது விரல்விட்டு எண்ணும் அளவில் நிற்கின்றன. 2024 செப்டம்பரில் எஸ்பிளனேட்–மைதான் சுற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தப்போவதாக அரசு அறிவித்தது, வழக்கும் நடக்கிறது. ஆகவே போய் இறங்கிய அன்றே எஸ்பிளனேட் டிராம் டெப்போவில் "எது ஓடுது?" என்று கேட்டு, ஓடுவதில் ஏறிவிடுங்கள்.

எங்கே போகிறது என்பது முக்கியமில்லை. முன்பெட்டியில் ஜன்னலோர மர இருக்கை. நடந்து போகிறவர் நம்மை முந்துவார். முன்னால் ஒரு ஸ்கூட்டர் தண்டவாளத்தில் நின்றால், டிரைவர் காலால் மணியை மிதித்து மிதித்து அடிப்பார், ஸ்கூட்டர்காரர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அவசரம் இருந்தால் ஏறாதீர்கள்.

கை ரிக்‌ஷாவில் ஏறலாமா?

ஒரு மனிதர் இழுக்க இன்னொருவர் உட்கார்ந்து போவது எனக்கு ஒப்பவில்லை, ஏறியதில்லை. "நீ ஏறலைன்னா அவருக்கு இன்னிக்குச் சோறு எங்கேருந்து வரும்?" என்று பக்கத்து வீட்டு வங்காளி தாத்தா கேட்டார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.

நாங்கள் சுத்த சைவம். பட்டினிதானா?

இந்தக் கேள்விதான் அதிகம் வரும். பதில் ஒரு வார்த்தை: 'நிராமிஷ்'. வங்காளத்தில் அதுதான் சைவம். மரபுப்படி அதில் வெங்காயம் பூண்டு கூடக் கிடையாது. விதவைகளுக்கு விதித்திருந்த கட்டுப்பாடுகளுக்குள் அந்தக் காலத்துப் பெண்கள் வளர்த்தெடுத்த சமையல் அது. வாழைப்பூவில் 'மோச்சார் கொண்டோ', வாழைத்தண்டுக் கறி, பலாக்காய்க் கறி, கடலைப்பருப்பை அரைத்து வில்லை போட்டுக் குழம்பில் விடும் 'தோகார் தால்னா' (நம் பருப்பு உருண்டைக் குழம்பின் பங்காளி), கசகசா அரைத்த 'ஆலு போஸ்தோ', பாகற்காயோடு காய்கறி போட்டுச் சாப்பாட்டுக்கு முதலில் வரும் 'சுக்தோ'. காலையில் தெருமுனையில் மைதா பூரியான லூச்சி, உள்ளே பருப்பு வைத்த கொச்சுரி, கூடவே ஆலு தம். பட்டினி எங்கே வந்தது?

கடுகெண்ணெய் வாசனைதான் முதல் நாள் மூக்கைத் தாக்கும். இரண்டாம் நாள் பழகிவிடும், ஊருக்கு வந்த பிறகு தேடும்.

சிக்கல் வேறு இடத்தில். வங்காளிக்கு மீன் என்பது காய்கறிக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். சேர்ந்த புதிதில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் "வெறும் பருப்பும் சோறும்" என்று கேட்டு வாங்கினேன். கரண்டியால் துழாவியதும் பருப்புக்குள்ளிருந்து ஒரு மீன் தலை என்னைப் பார்த்தது. மீன் தலை போட்ட பருப்பு அவர்களுக்கு விசேஷம். பரிமாறியவர் எனக்கு நல்லது செய்வதாக நினைத்திருக்கிறார். அதனால் "வெஜ்" என்று மட்டும் சொல்லாமல் "நிராமிஷ்" என்றே சொல்லுங்கள். பரோட்டாவில் சுருட்டித் தரும் ரோல் கடையில் "டிம் சாடா", அதாவது முட்டை இல்லாமல் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

எதிர்ப்பக்கமாகவும் ஏமாறலாம். என் அத்தை 'வெஜிடபிள் சாப்' வாங்கிப் பிட்டார், உள்ளே ரத்தச் சிவப்பு. தட்டைத் தூக்கி என்னிடம் நீட்டிவிட்டு எழுந்தே விட்டார். அது பீட்ரூட். வேர்க்கடலையும் தேங்காய்ச் சில்லும் போட்டு, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது. விஷயம் தெரிந்த பிறகு அத்தை நாலு சாப்பிட்டார்.

அசைவம் சாப்பிடுவோம். பிரியாணி எப்படி?

ஆம்பூரையோ திண்டுக்கல்லையோ மனதில் வைத்துக்கொண்டு போனால் "என்ன, காரமே இல்லை" என்பீர்கள். இது வேறு ஜாதி. நீள அரிசி, தாழம்பூ எசன்ஸ் மணம், மசாலா மேலே தெரியாது, நடுவில் முழுசாக ஒரு உருளைக்கிழங்கு. 1856-ல் ஆங்கிலேயர் அவத் நாட்டைப் பிடுங்கிக்கொண்டதும் நவாப் வாஜித் அலி ஷா கொல்கத்தாவின் மெட்டியாபுருஸில் வந்து தங்கினார், அவரோடு சமையல்காரர்களும் வந்தார்கள். கையில் காசு குறைந்ததால் கறிக்குப் பதில் கிழங்கு போட்டார்கள் என்பது ஒரு கதை. அன்றைக்கு உருளைக்கிழங்கே புதுசு, அந்தஸ்துக்காகப் போட்டார்கள் என்பது எதிர்க்கதை. இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் வங்காளிகள் உங்களை விடமாட்டார்கள். எப்படியானாலும் கறிச்சாறில் ஊறிய அந்தக் கிழங்குதான் தட்டிலேயே சுவையானது என்பது என் கட்சி. கத்திரிக்காய்த் தொக்கெல்லாம் எதிர்பார்க்காதீர்கள், தயிர்ப்பச்சடிக்கும் தனிக் காசு.

நியூ மார்க்கெட் பக்கம் 'நிஜாம்ஸ்' கடையில் பிறந்த காட்டி ரோல், தோசைக்கல்லில் பொரிந்த பரோட்டாவுக்குள் கபாப், வெங்காயம், எலுமிச்சை. நின்றுகொண்டே சாப்பிடுவது மரியாதை.

மீன் சாப்பாட்டுக்கு 'பைஸ் ஹோட்டல்' என்று பழைய சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. பைசா கணக்கில் சாப்பாடு போட்ட காலத்துப் பெயர். காலேஜ் ஸ்ட்ரீட் அருகே 'ஸ்வாதீன் பாரத் ஹிந்து ஹோட்டல்' அதில் ஒன்று. வாழையிலை போடுவார்கள், அதற்கும் பில்லில் காசு வரும், ஒவ்வொரு அயிட்டத்துக்கும் தனி விலை. ஹில்சா மீனை முதல் நாளே கேட்காதீர்கள், முள் மயிரிழை போல் இருக்கும். பேட்கி மீனைக் கடுகு விழுதோடு வாழையிலையில் சுருட்டி வேகவைத்த 'பாதூரி'யில் தொடங்குங்கள்.

சீனக் காலை உணவுக்கு டிரெட்டி பஜார் போகலாம், ஞாயிறு காலை ஆறு, ஆறரைக்கே. எட்டரைக்குப் போய், "ஒன்னுமே இல்லையே" என்று என்னைத் திட்டாதீர்கள்.

தெருவோரம் சாப்பிட்டால் வயிறு தாங்குமா?

கூட்டம் இருக்கும் கடையில், கண்ணெதிரே சூடாகப் பொரிப்பதைச் சாப்பிட்டு எனக்கு ஒன்றும் ஆனதில்லை. பழச்சாறும் வெட்டி வைத்த பழமும் வேண்டாம்.

ஆனால் புச்கா சாப்பிடாமல் வராதீர்கள். பானி பூரி என்று வாய் தவறிச் சொன்னால் திருத்துவார்கள். சாயங்காலம் விவேகானந்தா பார்க் பக்கம் அல்லது விக்டோரியாவுக்கு வெளியே பாருங்கள். பிரம்பு முக்காலியின் மேல் கண்ணாடிப் பெட்டி, சிவப்புத் துணி சுற்றிய பானை. ஐந்தாறு பேர் சுற்றி நிற்பார்கள், ஆளுக்கொரு காய்ந்த இலைத் தொன்னை. அவர் வேகவைத்த கிழங்கை உங்கள் கண்முன்னாலேயே மிளகாய், சீரகப்பொடி, கொண்டைக்கடலை போட்டுக் கையால் பிசைவார். பூரியைக் கட்டைவிரலால் ஒரு தட்டு, ஓட்டை. கிழங்கை அடைத்து, புளித்தண்ணீரில் மணிக்கட்டு வரை முக்கி எடுத்து உங்கள் தொன்னையில் வைப்பார். வட்டமாகச் சுற்றி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று, மறுபடி உங்களிடம் வருவதற்குள் முழுங்கியிருக்க வேண்டும். யார் எத்தனை சாப்பிட்டார்கள் என்ற கணக்கு அவர் தலைக்குள் இருக்கும், தப்பாது. முடிந்ததும் "ஃபாவ்" என்று கேளுங்கள், கொசுறாக ஒன்று தண்ணீர் இல்லாமல் தருவார். கேட்காமல் வருகிறவர்களை அவர் வெளியூர் என்று தெரிந்துகொள்வார்.

டீ, மண்குவளையில். குடித்ததும் குவளையைத் தொட்டியில் போட்டு உடைத்துவிடலாம், நம் பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

ரசகுல்லா தவிர என்ன இனிப்பு?

ரசகுல்லாவை முதலில் முடித்துவிடுகிறேன். 1868-ல் பாக்பஜாரில் நொபின் சந்திர தாஸ் செய்தது என்பது வங்காளத்தின் கணக்கு. ஒடிசா இதை ஒப்புக்கொள்ளாது. 2017-ல் வங்காள ரசகுல்லாவுக்கும் 2019-ல் ஒடிசா ரசகுல்லாவுக்கும் புவிசார் குறியீடு கிடைத்து, இரண்டு பேரும் ஜெயித்தார்கள். சூடாகக் கிடைத்தால் மட்டும் சாப்பிடுங்கள். டப்பாவில் வருவது ஊருக்கு வாங்கிப்போக.

குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு என் ஒரே கட்டளை: 'நொலென் குர்' போட்ட சந்தேஷ் என்ற பால் இனிப்பு. ஈச்ச மரத்தில் இரவெல்லாம் வடியும் பதநீரை விடியற்காலையில் காய்ச்சி எடுக்கும் வெல்லம், கருப்பட்டிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வையுங்கள். லேசான புகை மணம் இருக்கும். மார்ச்சில் தேடினால் கிடைப்பது பழையது. வடக்குக் கொல்கத்தாவில் 1844-லிருந்து இருக்கும் கிரீஷ் சந்திர தே – நகுர் சந்திர நந்தி கடையில் கம்பி வலைக்கு வெளியே நின்று வாங்க வேண்டும். மிஷ்டி தோய் என்ற இனிப்புத் தயிர் மண்சட்டியில்தான். பிளாஸ்டிக் கப்பில் வாங்குவது வீண்.

கட்டாயம் பார்க்க வேண்டியவை?

முதலில் ஓர் எச்சரிக்கை: திங்கட்கிழமை. விக்டோரியா நினைவகத்தின் உட்பகுதி, இந்திய அருங்காட்சியகம், தாகூர் பிறந்த ஜொராசாங்கோ வீடு, மூன்றும் அன்று மூடல். அன்னை தெரசாவின் மதர் ஹவுஸ் வியாழன் மூடல். காலேஜ் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகள் ஞாயிறன்று பெரும்பாலும் சாத்தியிருக்கும். ஒரு திங்களன்று ஏழு உறவினர்களை அழைத்துக்கொண்டு அருங்காட்சியக வாசலில் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன்.

விக்டோரியாவை வெளியிலிருந்து, தோட்டத்தோடு பார்த்தால் எனக்குப் போதும். தாஜ்மகாலுக்குக் கல் தந்த மக்ரானாவின் பளிங்குதான் இதற்கும். 1814-ல் தொடங்கிய இந்திய அருங்காட்சியகம் பெரிது, எகிப்திய மம்மியையும் புதைபடிவங்களையும் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். எல்லா அறையும் பார்க்கிறேன் என்று இறங்கினால் அன்றைய நாள் போச்சு.

என்னைக் கேட்டால், காலேஜ் ஸ்ட்ரீட். தெருவின் இரண்டு பக்கமும் கட்டில் அளவுக் கடைகள், கூரை முட்டப் பழைய புத்தகம். பெயரைச் சொன்னால் போதும், கடைக்காரர் அடுக்கின் நடுவிலிருந்து உருவிக் கொடுப்பார், அடுக்கு சரியாது. மாடியில் காபி ஹவுஸ். தலைப்பாகை கட்டிய பணியாளர் வந்து நிற்பதற்கே பத்து நிமிடம் ஆகும். 'இன்ஃப்யூஷன்' என்றால் பாலில்லாக் காபி. நம் நாக்குக்குக் காபி சுமார்தான், அங்கே போவது சத்தத்தைக் கேட்க.

குமார்துலியில் சாமி சிலை செய்கிறார்கள். வைக்கோலைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி உடம்பு, அதன் மேல் ஆற்றுக் களிமண். துர்கா பூஜைக்கு முன்னால் போனால் சந்து முழுக்கத் தலையில்லாத தேவிகள். ஜனவரியில் போனால் சரஸ்வதிகள். வேலை செய்கிறவரைக் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் ஹவுரா பக்கம் ஷிப்பூர் தாவரவியல் பூங்காவின் ஆலமரம். அடிமரம் நோய்ப்பட்டு 1925-ல் வெட்டி எடுத்துவிட்டார்கள், விழுதுகள் மட்டும் நின்று தோப்பாகவே ஆகிவிட்டது. 1989-ல் புயலில் அடிமரம் சாய்ந்த அடையாறு ஆலமரத்தைப் பார்த்தவர்களுக்கு இது பெரியம்மா வீடு.

அம்மா அப்பா கூட வருகிறார்கள். கோயில்கள்?

1855-ல் ராணி ராஷ்மோனி கட்டிய தட்சிணேஸ்வரம் காளி கோயில், ராமகிருஷ்ணர் பூசை செய்த இடம். காலையில் மெட்ரோவில் போய், தரிசனம் முடித்து, அங்கிருந்தே படகில் எதிர்க்கரையிலுள்ள பேலூர் மடத்துக்கு. அரை மணி நேரத்துக்குள் போய்விடும். இரண்டு இடமும் மதியம் நடை சாத்தியிருக்கும், அதைப் பார்த்து நேரம் வகுங்கள்.

காளிகாட்டில் கூட்டமும் பண்டாக்களும் (பக்தர்களைப் பிடித்து தரிசனத்துக்கு அழைத்துப்போகும் பூசாரிகள்). "சீக்கிரம் தரிசனம்" என்று ஒருவர் கையைப் பிடித்தால் தொகையை முதலிலேயே பேசுங்கள், அல்லது கையை உருவிக்கொண்டு வரிசையில் நில்லுங்கள்.

துர்கா பூஜை சமயத்தில் வரலாமா?

இளவட்டங்கள் வரலாம், கைக்குழந்தையும் மூட்டுவலியும் உள்ள குடும்பம் வேண்டாம். 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த விழா அது, பந்தல் பந்தலாக ராத்திரி முழுக்க நடப்பதுதான் வேலை. அந்த நாட்களில் மியூசியம், புத்தகக் கடை, ஹோட்டல் அறை எதையும் நம்பாதீர்கள்.

வங்காள மொழி தெரியாதே?

இந்தி ஓரளவு போதும், ஆங்கிலமும் ஓடும். ஆணை 'தாதா', பெண்ணை 'திதி' என்று தொடங்கினால் எந்தக் கேள்விக்கும் பதில் வரும், சமயத்தில் நாலு பேர் கூடி நாலு வழி சொல்வார்கள். 'கொத்தோ?' என்றால் எவ்வளவு. கேட்கக் கேட்க நம்ம பேச்சு மாதிரியே தோன்றும். நாம் "காபி சாப்பிடறீங்களா" என்பது போல அவர்கள் தண்ணீரையும் டீயையும் 'சாப்பிடுகிறார்கள்'. கிளம்பும்போது நாம் "வரேன்" என்போமே, அவர்களும் 'ஆஷ்ச்சி' என்கிறார்கள். அதே 'வரேன்'தான்.

மூன்றாம் நாள் இட்லிக்கு ஏங்கினால்?

லேக் மார்க்கெட். பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த பகுதி. பில்டர் காபி, வாழையிலைச் சாப்பாடு, மல்லிகைச் சரம், அப்பளக்கட்டு எல்லாம் கிடைக்கும். சாம்பார் சற்று இனிக்கலாம். கண்டுகொள்ளாதீர்கள்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. என்ன செய்வது?

குளிர்காலம் என்று வைத்துக்கொள்கிறேன். காலை ஆறரைக்கு ஹவுரா பாலத்தடியில் மல்லிக் காட் பூச்சந்தை. சாமந்திச் சரங்களைக் கயிறு மாதிரிச் சுருட்டித் தலையில் சுமந்து ஓடிவருவார்கள், வழிவிட்டு நில்லுங்கள். பாலத்தின் மேல் பாதி தூரம் நடந்து திரும்புங்கள். கொச்சுரி, ஆலு தம். பத்து மணிக்குக் காலேஜ் ஸ்ட்ரீட், காபி ஹவுஸ். மெட்ரோவில் எஸ்பிளனேட், டிராம் ஓடினால் ஒரு சுற்று. மதியம் பிரியாணியோ நிராமிஷ் சாப்பாடோ, வயிறைப் பொறுத்து. மூன்று மணிக்கு விக்டோரியா தோட்டம், வெளியே புச்கா. நாலே காலுக்குள் பாபுகாட் படித்துறைக்கு வந்து ஹவுரா படகில் ஏறினால், நடு ஆற்றில் இருக்கும்போது சூரியன் இறங்கிக்கொண்டிருக்கும். அதே படகில் திரும்பி வந்துவிடலாம். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று டிக்கெட் வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.